கதவு விளிம்பில ஒட்டியிருந்த இலக்கம்

எங்கட ஆம்பிளையளுக்குத் தங்களுக்கு வாகனம் தெரியும் எண்டு ஒரு எண்ணம். எது எந்த வருச மொடல், எதுக்கு எத்தினை சிலிண்டர், ஆர் எதை வித்திட்டு எதை எடுத்தவன், எல்லாம் நுனிநாக்கில நிக்கும். உங்கட காருக்கு ரயரில எவ்வளவு காத்து இருக்கவேணும் எண்டு கேட்டுப் பாருங்கோ. முழுசுவினம். பிறகு, "அது கராஜ்காரன் பாப்பான்" எண்டு சொல்லிப்போட்டு அடுத்த புளுகுக்குப் போயிடுவினம்.

நான் ஸ்கூல் பஸ் ஓட்டுறனான். ஸ்கார்பரோவில பதினாறு வருசமா ஓட்டுறன். மைனஸ் இருபது எண்டாலும் காலமை பஸ்ஸை ஒருக்காச் சுத்தி நடந்து, லைற், ரயர், பிரேக், அவசரக் கதவு எல்லாத்தையும் தொட்டுப் பாத்துக் கையெழுத்து வைச்சாத்தான் யார்ட்டை விட்டு வெளிக்கிடலாம். நாப்பதடி வாகனம், உள்ளுக்கு ஊரார் பெத்த பிள்ளையள். இதெல்லாம் செய்துபோட்டு வீட்டை வந்து வாகனத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னா, என்ர மனுசன் ரீவிச் சத்தத்தைக் கூட்டுவார். அவர் ஒஃபிசில வேலை செய்யிறவர், ஒரு நாளைக்குப் பன்னிரண்டு கிலோமீற்றர் ஓட்டுறவர். ஆனா வீட்டில வாகன நிபுணர் அவர்தான்.

ட்ரெயிலர்க் கதை என்ர முழங்காலில தொடங்கினது. இவற்ர குடும்பம் வருசா வருசம் ஓகஸ்டில பீற்றர்பரோவுக்கு அங்கால ஒரு ஏரிக்கரைப் பார்க்கில மூண்டு நாள் கூடாரம் அடிக்கும். நானும் இருவது வருசம் போனனான். போய் என்ன கண்டது? கல்லுக்கு மேல படுத்தெழும்பி, இருவத்தைஞ்சு பேருக்கு ரொட்டி சுட்டு, கழிவறைக்கு ரெண்டு வளவு தாண்டி நடந்து, ஏரியைச் சட்டி கழுவேக்கை மட்டும் பாத்தனான். போன வருசம் இடது முழங்காலை வெட்டி மாத்தினவை. நிலத்தில படுத்தா எழும்பேலாது. குந்தேலாது. அதால நான் வீட்டில நிண்டன். திரும்பி வந்த உடனை மனுசன் சொன்ன முதல் வசனம், "நீர் வராதது நல்லதாப் போச்சு, ஒரே நுளம்புக்கடி."

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. இந்த வருசம் தை மாசமே சொல்லிப்போட்டன். நான் வருவன். கட்டிலில படுப்பன். குந்தாமல் இருக்கக்கூடிய கழிவறை ஒண்டு என்ர கைக்கெட்டின தூரத்தில இருக்கவேணும். பின்னேரத்தில காலை நீட்டிக்கொண்டு அந்தக் கோதாரி ஏரியைப் பாக்கவேணும், ஒருத்தருக்கும் ஒண்டும் சுட்டுக் குடுக்காமல். இதுக்கு வழி செய்தா வாறன், இல்லாட்டி இனி ஒரு வருசமும் இல்லை. ஐம்பத்தேழு வயசில நான் வாய்திறந்து கேட்டது இவ்வளவுதான்.

மனுசன் ரெண்டு நாள் யோசிச்சார். மூண்டாம் நாள் எடுப்பா வந்து, "ட்ரெயிலர் ஒண்டு வாங்குவம்" எண்டார். கட்டிலும் கழிவறையும் வைச்ச சின்ன வீடு மாதிரி, வாகனத்துக்குப் பின்னால கட்டி இழுக்கிறது. எனக்கு உள்ளுக்குச் சந்தோசம், பொய் சொல்லேல்லை. ஆனா அடுத்த வசனத்திலயே கெடுத்துப்போட்டார். "அண்ணையோட கதைச்சிட்டன்."

அண்ணை எண்டா இவற்ர மூத்தவர். முறைக்கு நான் அத்தான் எண்டு கூப்பிடுறனான். வீடு வாங்கினதும் அத்தான் சொல்லி, சமையலறைக்கு ஓடு போட்டதும் அத்தான் சொல்லி, என்ர முழங்காலை வெட்டலாமோ கூடாதோ எண்டும் அத்தானைத்தான் கேட்டவை. அவர் டொக்டருமில்லை, கொத்தனுமில்லை. எல்லாத்துக்கும் ஒரு அபிப்பிராயம் இருக்கும், சொல்லேக்கை கண்ணை அரைவாசி மூடிக்கொள்ளுவார். அதைப் பாத்து இவர் வாய் பிளந்துகொண்டு நிப்பார்.

அத்தானுக்கு பிறம்ரனில ஒரு 'தெரிஞ்ச ஆள்'. பழைய ட்ரெயிலர்களை வாங்கித் திருத்தி விக்கிறவன், இவையின்ர ஊர்ப் பெடியன். பெடியன் எண்டு பேர், ஆளுக்கு ஐம்பது வயசிருக்கும். எங்கட சனம் தெரிஞ்ச ஆளில்லாமல் ஒரு போத்தல் வினாகிரிகூட வாங்காது. காப்புறுதிக்கு ஒரு தெரிஞ்ச ஆள், வீட்டுக்கு ஒரு தெரிஞ்ச ஆள், பல்லுக்கு ஒரு தெரிஞ்ச ஆள். தெரிஞ்ச ஆளிட்டை வாங்கேக்கை ஒரு சட்டம் இருக்கு, கண்டியளோ: கேள்வி கேக்கக்கூடாது. கேட்டா அவனை நம்பேல்லை எண்டு அர்த்தமாம். தெரியாத வெள்ளைக்காரனிட்டை ரயரை உதைச்சுப் பாப்பினம், பொனற்றைத் திறப்பினம், மூண்டுதரம் திரும்பிப் போவினம். ஊராளிட்டை ரீயைக் குடிச்சிட்டுக் கையெழுத்து வைப்பினம்.

சித்திரை மாசம் ஒரு சனிக்கிழமை நாலு பேருமாப் போனம். இவர், அத்தான், அத்தானின்ர மனுசி, நான். யார்ட் முழுக்கச் சேறு. ஊர்ப் பெடியன் ஓடி வந்து இவையைக் கட்டிப்பிடிச்சான். ஆற்ர வீட்டுக்குப் பக்கத்தில ஆற்ர கிணறு எண்டு அரைமணித்தியாலம் கதை. நான் தடியை ஊண்டிக்கொண்டு தனிய ட்ரெயிலருக்குள்ள ஏறினன்.

என்ன சொல்ல, எனக்கு அது பிடிச்சுப்போச்சு. முன்பக்கம் உண்மையான கட்டில், ஏற இறங்க உயரம் அளவா இருந்தது. கழிவறைக் கதவைத் திறந்து, உள்ளுக்கு இருந்து, இடது காலை நீட்டிப் பாத்தன். கால் கதவில முட்டேல்லை. கட்டிலுக்குப் பக்கத்தில அகலமான யன்னல். அதில படுத்து, வெளியில தெரிஞ்ச சேத்தை ஏரியெண்டு நினைச்சுப் பாத்தன். சிரிக்காதேங்கோ. அந்த நிமிசமே எனக்கு அது வேணும் எண்டு ஆயிற்று, அதுதான் நான் விட்ட பிழை.

கீழ இறங்கி வர, பெடியன் விளங்கப்படுத்திக்கொண்டு நிண்டான். "உங்கட வாகனம் ஐயாயிரம் இறாத்தல் இழுக்கும். உது நாலாயிரத்து இருநூற்றைம்பதுதான். கண்ணை மூடிக்கொண்டு இழுக்கலாம் அண்ணை."

எங்கட வாகனம் ஏழு பேர் இருக்கிற எஸ்யூவி. இவர் தன்ர பிள்ளையளைவிட அதைத்தான் கூடத் தடவிக் குடுக்கிறவர். நான் கேட்டன், "தம்பி, அந்த நாலாயிரத்து இருநூற்றைம்பது வெறும் ட்ரெயிலரின்ர எடையோ, சாமான் தண்ணியோடயோ?"

பெடியன் சிரிச்சான். "அக்கா பஸ் ஓட்டுறவ எல்லே, நல்லாக் கேக்கிறா" எண்டு அத்தானைப் பாத்துச் சொன்னான். பதில் அவ்வளவுதான். அத்தான் கண்ணை அரைவாசி மூடி, "சாமான் என்ன பெரிய சாமான், நாலு உடுப்பு" எண்டார். இவர் என்ர முழங்கையில இடிச்சார். "எங்கட ஊராளப்பா. நொட்டை சொல்லாதையும்."

நான் வாகனத்துக்குப் போய் டிரைவர் கதவைத் திறந்தன். கதவு மூடுற விளிம்பில ஒரு சின்ன ஸ்ரிக்கர் இருக்கும். உங்கட வாகனத்திலயும் இருக்குது, போய்ப் பாருங்கோ. ஆக்களும் சாமானும் சேர்ந்து இவ்வளவு எடைக்கு மேல ஏத்தக்கூடாது எண்டு போட்டிருக்கும். எங்கட வாகனத்துக்கு ஆயிரத்து நூற்றைம்பது இறாத்தல். வாகனம் எவ்வளவு இழுக்கும் எண்டது ஒரு கணக்கு, எவ்வளவு சுமக்கும் எண்டது வேற கணக்கு. ட்ரெயிலரைக் கொழுக்கியில மாட்டினா அதின்ர மூக்கு வாகனத்தின்ர முதுகில குந்தும். ட்ரெயிலர் எடையில எட்டில ஒரு பங்கு அப்பிடிக் கொழுக்கியில இறங்கும். அதுவும் சுமைதான். கொழுக்கிக்கும் ஒரு எல்லை இருக்கு, எங்கடதுக்கு அறுநூறு. ஐயாயிரம் ஐயாயிரம் எண்டு பல்லவி பாடுற ஒருத்தனும் உந்த ஸ்ரிக்கரைப் பாத்தது கிடையாது.

வீட்டை வந்து குசினி மேசையில கணக்குப் போட்டன். தண்ணித்தாங்கி நிரப்பினா முன்னூறு. காஸ் சிலிண்டரும் பற்றறியும் வெறும் எடையில சேராது, அது ஒரு நூற்றைம்பது. எங்கட ஆக்களின்ர 'நாலு உடுப்பு' எண்டது எவ்வளவு எண்டு எனக்குத் தெரியாததே? ட்ரெயிலர் ஐயாயிரத்து ஐந்நூறைத் தாண்டும். கொழுக்கியில எழுநூறுக்குக் கிட்ட இறங்கும். அதுக்கு மேல நாலு பேரும் வாகனத்துக்குள்ள ஏறினா, எங்களில ஒருத்தரும் ஒல்லியில்லை, ஆயிரத்து நானூறு. எல்லாக் கணக்கும் பிழை. வேறமாதிரியும் போட்டுப் பாத்தன். தாங்கியில தண்ணியில்லாமல், சாமான் இல்லாமல், ஒண்டு ரெண்டு பேர் மட்டும் போனா எல்லைக்குள்ள நிண்டுது, மட்டுமட்டாய்.

பேப்பரை இவருக்குக் காட்டினன். கண்ணாடியைப் போட்டுப் பாத்தார், பாத்திட்டு மடிச்சார். "அண்ணையும் வாறார் எல்லே, அவர் தன்ர வாகனத்தைக் கொண்டு வரமாட்டார். அவரை எப்பிடி வரவேண்டாம் எண்டுறது? பஸ் ஓட்டுறது வேற, உது வேற. நீர் விண்ணாணம் பேசாதையும்."

நான் அதோட விட்டிட்டன். ஏன் விட்டனான் எண்டு பலதரம் என்னையே கேட்டிருக்கிறன். சண்டை பிடிச்சிருந்தா சிறிய ட்ரெயிலர் ஒண்டு பாத்திருக்கலாம், இல்லாட்டி உருப்படியான ட்ரக் ஒண்டுக்கு மாறியிருக்கலாம். ஆனா சண்டை பிடிச்சா அத்தான் முகத்தை நீட்டுவார், இவர் ஒரு மாசம் கதைக்கமாட்டார், ட்ரெயிலரும் இல்லை, ஏரியும் இல்லை. எனக்கு அந்தக் கட்டில் வேண்டியிருந்தது. அவையைப் பாத்து மடையர் எண்டு கொடுப்புக்குள்ள சிரிச்சுக்கொண்டே நானும் தலையாட்டினனான். அவைக்காவது கணக்குத் தெரியாது.

வைகாசியில வாங்கியாச்சு. அஜின்கோர்ட்டில எங்கட வீட்டு ட்ரைவேயில நிண்டுது. கண்டவை நிண்டவை எல்லாம் வந்து உள்ளுக்கு ஏறி இருந்து ரீ குடிச்சினம். என்ர கட்டிலில ஆர் ஆரோ எல்லாம் புரண்டு பாத்தினம். ஒவ்வொருத்தருக்கும் அத்தான், "எங்கட வாகனம் ஐயாயிரம் இழுக்கும்" எண்டு சொன்னார். வாகனம் அவற்ரையுமில்லை.

ஓகஸ்ட் வந்தது. வெளிக்கிடுற நாள் காலமை ஏத்தினதைச் சொல்லுறன், கேளுங்கோ. இருவது கிலோ அரிசி மூட்டை ரெண்டு. ஆட்டிறைச்சி ஐஸில போட்ட பெரிய கூலர் ரெண்டு. கோயில் அன்னதானத்துக்குப் போதுமான கிடாரம் ஒண்டு, அதுக்கு இரும்பு அடுப்பு. பார்க் தண்ணி சரிவராதாம், ஆறு பெட்டி போத்தல் தண்ணி. அதைவிடத் தாங்கியும் முட்ட நிரப்பியாச்சு. பன்னிரண்டு கதிரை. கரம் போர்ட். அத்தானின்ர ஜெனரேற்றர், அதைத் தூக்க ரெண்டு பேர் வேணும். அத்தானின்ர மனுசி கடைசி நேரத்தில உரலையும் உலக்கையையும் கொண்டு வந்தா. சம்பல் மிக்ஸியில அரைச்சா அத்தானுக்கு இறங்காதாம். கல்லுரல்! என்ர பக்கத்தில ஒரு உடுப்புப் பையும் மருந்துப் பெட்டியும்.

ட்ரெயிலரைக் கொழுக்கியில மாட்டின உடனை வாகனத்தின்ர குண்டி நிலத்தில முட்டுமாப்போல பதிஞ்சுது. முன்பக்கம் மேல எழும்பி, லைற் ரெண்டும் அயல்வீட்டுக் கூரையைப் பாத்துக்கொண்டு நிண்டுது. இவற்ர முகம் கறுத்தது. நான் நினைச்சன், சரி, இப்பவாவது கண் திறக்கும்.

அத்தான் ஒருக்காச் சுத்தி நடந்தார். கண்ணை அரைவாசி மூடினார். "முன்னுக்குப் பாரம் கூடிப்போச்சு. சாமானைப் பின்னுக்குத் தள்ளுவம்." அரிசி, கூலர், ஜெனரேற்றர், உரல், எல்லாம் ட்ரெயிலரின்ர வால்பக்கத்துக்குப் போச்சுது. வாகனத்தின்ர முதுகு மெல்ல நிமிர்ந்தது. "பாத்தியளே?" எண்டார். இவர் கை தட்டினார், சத்தியமாக் கைதட்டினார். மச்சாள், அதுதான் இவற்ர தங்கச்சி, குடும்பத்தோட வானில எங்களுக்குப் பின்னால வாறதுக்கு வந்து நிண்டவ. அவவும் தட்டினா.

"வால் பாரமா இருந்தா ட்ரெயிலர் ஆடும்" எண்டு நான் சொன்னன். "பின்பக்கம் பாரம் கூடினா ஓட்டத்தில வாலடிக்கும். இது இன்னும் மோசம்."

"உமக்கு எல்லாத்திலயும் ஒரு பயம்" எண்டார் இவர். "நல்ல காரியத்துக்கு வெளிக்கிடேக்கை உப்பிடிக் கதைக்காதையும்."

நான் முன்சீற்றில ஏறினன். ஏறினனான், பாருங்கோ. அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை.

ஃபோர்-ஓ-வண் நெடுஞ்சாலையில கிழக்க போறம். பிக்கரிங் தாண்டும்வரைக்கும் ஒண்டுமில்லை. இவர் நூற்றஞ்சில ஓட்டுறார், பின்சீற்றில அத்தான் பழைய கதை ஒண்டு அளக்கிறார், அவற்ர மனுசி மிக்சர் பையைப் பிரிக்கிறா. ஒஷாவாவுக்குக் கிட்ட ஒரு பெரிய லொறி இடப்பக்கத்தால எங்களைத் தாண்டினது. லொறி தள்ளின காத்தில ட்ரெயிலர் ஒருக்கா வலப்பக்கம் போச்சுது. பிறகு இடப்பக்கம். பிறகு இன்னும் கூட வலப்பக்கம். வாகனத்தின்ர பின்பக்கத்தை ஆரோ பிடிச்சு உலுப்பிறமாதிரி இருந்தது. கண்ணாடியில எங்கட ட்ரெயிலர் அடுத்த லேனுக்குள்ள முழுசாய்த் தெரிஞ்சுது. மிக்சர் எல்லாம் எங்கட தலையில கொட்டுண்டுது.

இவர் பிரேக்கை அமத்தினார். ஆட்டம் கூடிச்சுது.

"காலை எடுங்கோ!" எண்டு கத்தினன். "பிரேக்கைத் தொடாதேங்கோ! ஸ்ரியரிங்கை நேராப் பிடியுங்கோ, திருப்பாதேங்கோ!" எங்கட வாகனத்தில ஸ்ரியரிங்குக்கு வலப்பக்கம் ஒரு சின்னப் பெட்டி பூட்டியிருக்கு, அதில உள்ள நெம்புகோலைத் தள்ளினா ட்ரெயிலரின்ர பிரேக் மட்டும் பிடிக்கும். அது என்னத்துக்கு எண்டு ஊர்ப் பெடியன் சொல்லியும் குடுக்கேல்லை, இவையள் கேக்கவுமில்லை. நான் குறுக்க எட்டி அதை விரலால மெல்லத் தள்ளிப் பிடிச்சன். ட்ரெயிலர் பின்னால இழுபட்டு, ரெண்டுதரம் ஆடி, நேரா வந்தது. எங்களுக்குப் பக்கத்து லேனில ஒரு சின்னக் கார் வந்துகொண்டிருந்தது. உள்ளுக்கு ஒரு பொம்பிளையும் பின்னால பிள்ளைச் சீற்றும். அந்தப் பொம்பிளை எங்களைப் பாத்த பார்வையை நான் சாகுமட்டும் மறக்கமாட்டன்.

அத்தான் பின்னால இருந்து சொன்னார், "காத்து."

"என்ன அத்தான்?"

"பெரிய காத்து அடிச்சது. அதுதான்."

அடுத்த எக்ஸிற்றில இறங்கச் சொன்னன். நெடுஞ்சாலை ஓரத்தில காரை விட்டிட்டுப் போறவைக்கெண்டு ஒரு பார்க்கிங் இருந்தது, அதுக்குள்ள நிப்பாட்டினம். மச்சாளின்ர வானும் பின்னால வந்து நிண்டுது. மச்சாளுக்கு வெளிறிப்போன முகம். "அண்ணி, நாங்கள் பின்னால இருந்து பாத்தனாங்கள். முடிஞ்சுது எண்டு நினைச்சன்" எண்டு என்ர கையைப் பிடிச்சா.

நான் எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னன். கத்தேல்லை, பஸ்ஸில பிள்ளையளுக்குச் சொல்லுறமாதிரிச் சொன்னன். "தண்ணித்தாங்கியைத் திறந்துவிடவேணும். வாலில இருக்கிற பாரமெல்லாம் வானுக்குப் போகவேணும், கொள்ளாதது இஞ்ச நிக்கவேணும். வாகனத்தில ரெண்டு பேருக்கு மேல இருக்கக்கூடாது. வானில மூண்டு சீற் இருக்கு. இல்லாட்டி இந்த ட்ரெயிலர் இந்த இடத்தை விட்டு அசையாது."

நான் பாத்துக்கொண்டு நிண்டன். அரிசி எல்லாருக்கும் வேணுமாம். இறைச்சி பழுதாப்போயிடுமாம். ஜெனரேற்றர் இல்லாட்டி அத்தானுக்கு நித்திரை வராதாம், மூச்சு மெசினுக்குக் கரண்ட் வேணும். உரலைத் தெருவில விடேலாதாம், சீதனமா வந்ததாம். அத்தான் வாகனத்தை விட்டு இறங்கவே இல்லை, கதவைத் திறந்துவைச்சுக்கொண்டு ஒரு காலை மட்டும் வெளியில விட்டுக்கொண்டிருந்தார். நான் இவற்ர முகத்தையே பாத்தன். அண்ணை, நீங்கள் வானில வாங்கோ எண்டு ஒரு வசனம். இருவத்தொன்பது வருசத்தில முதல்தரமா ஒரே ஒரு வசனம். அந்தக் கட்டில் ஆருக்கு வாங்கினது எண்டு இவருக்குத் தெரியும்.

இவர் என்னட்டை வந்தார். குரலைத் தணிச்சு, தோளில கை வைச்சு, அன்பாத்தான் சொன்னார். "நீர் வானில வாருமன். வானில காலை நீட்டலாம். உம்மட பையையும் எடுத்தா, பாரம் கொஞ்சம் குறையும்தானே."

எனக்குச் சிரிப்பு வந்தது. கோபத்தில சொல்லியிருந்தா திருப்பிப் பேசியிருப்பன். மனுசன் கனிவோட சொன்னார், எனக்கு நல்லது செய்யிறன் எண்டு நம்பிக்கொண்டு சொன்னார். உரலை இறக்க மனம் வரேல்லை. அண்ணையை இறக்க வாய் வரேல்லை. கையோட இறக்கக்கூடிய சாமான் நான்தான். சீ, இந்த மனுசனோட நான் இவ்வளவு காலம் என்னத்தைக் குடும்பம் நடத்தினனான் எண்டு எனக்கு வெக்கமாக் கிடந்தது.

வாகனத்தின்ர சாவி ரெண்டு சீற்றுக்கும் நடுவில கிண்ணத்துக்குள்ள கிடந்தது. எடுத்துப் பொக்கற்றுக்குள்ள போட்டன். "அத்தான், இறங்குங்கோ" எண்டன். அவர் கண்ணை அரைவாசி மூடப் பாத்தார். "அத்தான், கண்ணை நல்லாத் திறந்துகொண்டு இறங்குங்கோ. படி உயரம்."

இறங்கினார். அவற்ர மனுசி அவருக்கு முன்னால ஓடிப்போய் வானில யன்னல் சீற்றைப் பிடிச்சா. நான் தாங்கியின்ர அடைப்பைத் திறந்துவிட்டன், தண்ணி பார்க்கிங் முழுக்க ஓடிச்சுது. மச்சாளின்ர மனுசன் ஒரு வார்த்தை பேசாமல் எல்லாத்தையும் வானுக்கு மாத்தினார். நல்ல மனுசன், பாவம். கதிரையும் கிடாரமும் புல்லுத்தரையில நிண்டுது, பிறகு ஒருத்தர் திரும்பி வந்து ஏத்திறது எண்டு முடிவாச்சு. அரிசி மூட்டை ஒண்டு அத்தானின்ர மடியிலதான் இருந்தது, வேற இடமில்லை.

ட்ரெயிலரைச் சுத்தி நடந்து பாத்தன். ரயர், லைற், சங்கிலி, கொழுக்கி. ஏறிச் சீற்றை முன்னுக்கு இழுத்து, கண்ணாடியளைச் சரிப்பண்ணினன். இவர் வந்து மற்றக் கதவைத் திறக்கப் பாத்தார். பூட்டியிருந்தது. யன்னலில தட்டினார். கொஞ்சம் இறக்கினன்.

"ரெண்டு பேர் போகலாம் எண்டுதானே சொன்னனீர்?"

"ஓம். போகலாம். ஆனா ஒராள் போனா பாரம் இன்னும் குறையும்தானே" எண்டன். "வானில காலை நீட்டலாம்."

எண்பதில, வலப்பக்கக் கடைசி லேனில, ஏரிவரைக்கும் தனியப் போனன். லொறியள் தாண்டிச்சுது. ட்ரெயிலர் ஒரு சின்ன அசைவு அசையும், பிறகு பேசாமல் வரும். ரேடியோவும் போடேல்லை. அழுதனான் எண்டு நினைக்காதேங்கோ. கொஞ்சம் அழுதனான், நியூகாசிலுக்கும் பீற்றர்பரோவுக்கும் இடையில. பிறகு அதுவும் நிண்டுபோச்சு.

எங்கட இடம் ஏரியைப் பாத்த வளவு. பின்பக்கமா ஒரே வெட்டில நிப்பாட்டினன், பக்கத்து வளவு வெள்ளைக்காரன் தொப்பியைக் கழட்டினான். கொழுக்கியைக் கழட்டி, மட்டம் பாத்து, உள்ளுக்கு ஏறிக் கட்டிலில காலை நீட்டினன். யன்னலுக்கால ஏரி தெரிஞ்சுது. பெரிய அழகெண்டு சொல்லேலாது, தண்ணிதான். ஆனா இருவது வருசத்தில அதை நான் முழுசாப் பாத்தது அண்டைக்குத்தான்.

ஒரு மணித்தியாலத்தால வான் வந்த சத்தம் கேட்டுது. கதவுகள் அடிபட்டுது. அத்தான் ஜெனரேற்றரை எங்க வைக்கிறது எண்டு ஆருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு காலடி ஒண்டு ட்ரெயிலரடிக்கு வந்து நிண்டுது. நான் எதிர்பாத்தது கைபிடியைத் திருகிற சத்தம். இருவத்தொன்பது வருசமா இவர் ஒரு கதவையும் தட்டினது கிடையாது, நான் குளிச்சுக்கொண்டிருந்தாலும் தள்ளிக்கொண்டு வந்து ஷேவிங் கத்தி எங்கை எண்டு கேக்கிறவர்.

தட்டினார். ரெண்டுதரம், மெல்ல.

"நான்தான். உள்ளுக்கு வரலாமோ?"

என்ர கால் நல்லா நீண்டிருந்தது. ஏரியில ஒரு வள்ளம் குறுக்க போய்க்கொண்டிருந்தது, அது அங்கால போய் மறையுமட்டும் பாத்தன்.

"நில்லுங்கோ" எண்டன். "யோசிச்சுச் சொல்லுறன்."

அவர் நிண்டார்.